சட்டப்படியான பைக்கு விலை, தடை செய்த கவர் இலவசம்

குமரி மாவட்டம் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "துணிக்கடையில் பைக்கு 10 ரூபாய் என்று பில்லில் சேர்த்துவிட்டார்கள். அன்றைக்கே சந்தையில் மீன் வாங்கினேன். கேட்காமலேயே ஒரு கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் வைத்துக் கொடுத்தார்கள், காசு இல்லாமல். பைக்குக் காசு வாங்குவது சட்டப்படி சரிதானா? வெளிநாடுகளில் காசு வாங்கித்தான் பிளாஸ்டிக் பையைக் குறைத்தார்கள் என்கிறார்கள். நம் மாவட்டத்தில் அது ஏன் நடக்கவில்லை?"

உள்ளாட்சி சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கவர் பறிமுதல், அபராத ரசீது, சந்தையில் வாக்குவாதம் எல்லாம் என் அன்றாட வேலையாக இருந்தவை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தம்பி கேட்ட இரண்டு கடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அரசு அனுமதிக்கும் பைக்கு நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். அரசு தடை செய்த கவர் உங்கள் கையில் இலவசமாக வந்து விழுகிறது. விலை தலைகீழாக நிற்கிறது. அதை நேராக நிறுத்தாத வரை எத்தனை விழிப்புணர்வுப் பேரணி நடத்தினாலும் பயன் குறைவுதான்.

முதலில் அந்த 10 ரூபாயை முடித்துவிடுவோம்.

துணிப்பைக்கும் காகிதப் பைக்கும் கடைக்காரர் விலை வைக்கலாம். அதைத் தடுக்கும் சட்டம் இல்லை. ஆனால் எப்படி வாங்குகிறார் என்பதில்தான் வழக்கு இருக்கிறது. 2019-இல் சண்டிகரில் ஒரு பெரிய காலணிக் கடை, காகிதப் பைக்கு 3 ரூபாய் வாங்கியது. அந்தப் பையில் கடையின் விளம்பரமே அச்சிடப்பட்டிருந்தது. வாடிக்கையாளர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். 3 ரூபாய்க்காக அந்த நிறுவனம் 9,000 ரூபாய் கட்ட நேர்ந்தது. அதன் பிறகு 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையமும் இன்னொரு பெரிய விற்பனை நிறுவனத்தின் வழக்கில், பைக்கு விலை உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லாமல் பில் போடும் இடத்தில் வைத்துக் காசு கேட்பது முறையற்ற வணிகம் என்று தீர்ப்பளித்தது. காரணம் எளிது. பொருள்களை எல்லாம் எடுத்து, வரிசையில் நின்று, பணம் கொடுக்கும் நேரத்தில் "பை 10 ரூபாய்" என்றால் அந்த மனிதர் என்ன செய்வார்? ஐந்து சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏற முடியுமா?

ஆகவே கடைவாசலில், கண்ணில் படும் இடத்தில், "பைக்கு இவ்வளவு, சொந்தப் பை கொண்டுவரலாம்" என்று எழுதியிருந்தால் அந்த 10 ரூபாயைப் பற்றி நீங்கள் சண்டை போட முடியாது. எழுதவில்லை என்றாலோ, நீங்கள் கொண்டுபோன பையைக் காவலாளி வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டு உள்ளே பைக்குக் காசு கேட்டாலோ, உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பில்லைப் பத்திரமாக வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் சொல்லலாம். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருள், சேவை தொடர்பான புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. 10 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று கேட்பீர்கள். அதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனி பிளாஸ்டிக் பைக்கு வருவோம். அதற்குக் காசு வாங்கலாமா என்ற கேள்விக்கே தமிழ்நாட்டில் இப்போது இடமில்லை. 2019 ஜனவரி 1 முதல் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பை இங்கே முழுத் தடையில் இருக்கிறது, எவ்வளவு தடிமனாக இருந்தாலும். 2018 ஜூனில் வந்த அந்த அரசாணையில் மொத்தம் 14 வகைப் பொருள்கள். அதில் பலரும் கவனிக்காத ஒன்று, துணி மாதிரியே இருக்கும் நெய்யாத பை. தொட்டால் துணி போலத் தோன்றும். உண்மையில் அது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். ஓரத்தைப் பிய்த்துப் பாருங்கள், நூல் வராது. மத்திய அரசின் விதி ஒரு சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறையாத நெய்யாத பையை அனுமதிக்கிறது. அதனால் பை விற்பவர்கள் "அனுமதி உண்டு" என்று அச்சைக் காட்டி இங்கே தள்ளிவிடுகிறார்கள். கடைக்காரரும் துணிப்பை என்று நம்பி, அதற்கு 10 ரூபாய் வைத்து விற்கிறார். தம்பி வாங்கிய பை எந்த வகை என்று ஒருமுறை பிய்த்துப் பார்ப்பது நல்லது. அது நெய்யாத பை என்றால், காசு கொடுத்துத் தடை செய்த பொருளை வாங்கியிருக்கிறார்.

மத்திய அரசின் விதிகள் போன பாதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் "காசு வாங்கு" என்ற யோசனை வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்தது இல்லை. நம் சட்டத்திலேயே இருந்து, பிறகு காணாமல் போனது. 2011-ஆம் ஆண்டு விதிகள், எந்தக் கடைக்காரரும் பிளாஸ்டிக் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்று நேரடியாகச் சொன்னன. குறைந்தபட்ச விலையை உள்ளாட்சி நிர்ணயிக்கலாம் என்றன. 2016-இல் வந்த புதிய விதிகள் வேறு வழியைப் பிடித்தன: பிளாஸ்டிக் பை கொடுக்க விரும்பும் கடைக்காரர், தெருவோர வியாபாரி உட்பட, உள்ளாட்சியில் பதிவு செய்து மாதம் குறைந்தது 4,000 ரூபாய், அதாவது வருடத்துக்கு 48,000 ரூபாய் கட்ட வேண்டும். இதை எழுதியவர் ஒருநாளாவது வடசேரி கனகமூலம் சந்தையில் கீரை விற்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். ஒரு கட்டுக் கீரைக்கு ஓரிரு ரூபாய் லாபம் பார்க்கிறவர் வருடத்துக்கு 48,000 ரூபாய் கட்டப் போகிறாராம். 2018 மார்ச்சில் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். எடுத்தபோது, விலை என்ற எண்ணமும் அதனுடன் போய்விட்டது.

மிச்சம் இருந்தது, பைக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தடிமன். 2011-இல் 40 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 2016-இல் 50, 2021 செப்டம்பர் 30 முதல் 75, 2022 டிசம்பர் 31 முதல் 120. இது என்ன கணக்கு என்று பலருக்குப் புரிவதில்லை. உண்மையில் இது மறைமுகமான விலைதான். கவரைக் கடைக்காரர் கிலோ கணக்கில் வாங்குகிறார். மீன் போடும் நடுத்தர அளவுக் கவர் 20 மைக்ரான் தடிமனில் ஏறக்குறைய 4 கிராம் இருக்கும். ஒரு கிலோவுக்கு 250 கவர். மொத்த விலை தரத்துக்குத் தரம் மாறும், கணக்குக்காகக் கிலோ 150 ரூபாய் என்று வைப்போம். ஒரு கவர் 60 காசு. அதே கவரை 120 மைக்ரானில் செய்தால் 24 கிராம்; ஒரு கிலோவுக்கு நாற்பது சொச்சம்தான் வரும்; ஒன்று 3 ரூபாய் 60 காசு. 60 காசை யாரும் இலவசமாகக் கொடுப்பார்கள். 3 ரூபாய் 60 காசைக் கொடுக்கக் கை வராது. அதாவது கடைக்காரர் தானாகவே காசு கேட்கும்படி தடிமனைக் கூட்டிக்கொண்டே போனார்கள்.

யோசனை கெட்டிக்காரத்தனமானதுதான். ஓட்டையும் அதிலேயே இருக்கிறது. தடித்த பையை வாங்குகிறவர் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் லாபம். ஒரே நாளில் வீசினால், ஒரு பைக்கு ஆறு பை பிளாஸ்டிக்கை வீசுகிறார். இங்கிலாந்தில் இதைக் கண்ணால் பார்த்தார்கள். அங்கே 2015 அக்டோபரில் மெல்லிய பைக்கு 5 பென்ஸ் வைத்தார்கள். அதற்கு முந்திய ஆண்டில் ஏழு பெரிய கடை நிறுவனங்கள் மட்டும் 760 கோடி பைகள் கொடுத்திருந்தன. சில ஆண்டுகளில் அது 95 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஆனால் "ஆயுள் முழுக்கப் பயன்படும் பை" என்று கொஞ்சம் கூட விலையில் விற்ற தடித்த பைகள் ஆண்டுக்கு 150 கோடி அளவில் போயின. ஒரு மனிதருக்கு எத்தனை ஆயுள் இருக்கும்? விலை குறைவாக இருந்ததால் மக்கள் அதையும் ஒருநாள் பையாகவே நடத்தினார்கள்.

இந்த விஷயத்தில் பாடம் எடுக்க வேண்டிய ஊர் அயர்லாந்து. 2002 மார்ச் 4-ஆம் தேதி ஒரு பைக்கு 15 சென்ட் வரி வைத்தார்கள். அதற்கு முன் ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 328 பை போய்க்கொண்டிருந்தது; 21-க்கு இறங்கியது. தெருக்குப்பையில் பிளாஸ்டிக் பையின் பங்கு 5 சதவீதமாக இருந்தது, அரை சதவீதத்துக்கும் கீழே போனது. தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். 15 சென்ட் அங்கே யாரையும் ஏழையாக்காது. என் பார்வையில் காரியம் நடந்ததற்கு இரண்டு ஏற்பாடுகள் காரணம். ஒன்று, அந்தக் காசைக் கடைக்காரர் தன் கையிலிருந்து கட்டக் கூடாது, வாடிக்கையாளரிடமிருந்துதான் வாங்க வேண்டும், பில்லில் தனி வரியாகக் காட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னது. இரண்டு, வசூலான பணம் சுற்றுச்சூழல் நிதிக்குப் போனது. கடைக்காரர் பாக்கெட்டுக்குப் போகவில்லை. 2007-இல் பைகளின் எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கியதும் வரியை 22 சென்டாக உயர்த்தினார்கள்.

எதிர்மாறான உதாரணம் தென்னாப்பிரிக்கா. 2003-இல் பைக்கு விலை வைத்தார்கள், பயன்பாடு சட்டென்று விழுந்தது. பிறகு உற்பத்தியாளர்களும் கடைகளும் பேசி விலையைக் குறைத்துக்கொண்டார்கள். மக்களும் பழகிவிட்டார்கள். பை மெல்லத் திரும்பி வந்தது. விலை வைத்துவிட்டால் தானாக நடக்கும் என்று உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

இங்கே ஒரு சந்தேகம் வரும்: காசு வாங்குவதற்குப் பதில், பை கொண்டுவருகிறவருக்குத் தள்ளுபடி கொடுத்தால் என்ன? நல்லவரைப் பாராட்டுவதுதானே முறை? கேட்க இனிமையாக இருக்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரை ஒட்டிய பகுதிகளில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். சில கடைகள் சொந்தப் பை கொண்டுவந்தால் 5 சென்ட் தள்ளுபடி கொடுத்துவந்தன. ஏறக்குறைய எந்த மாற்றமும் இல்லை. மேரிலாந்தின் மான்ட்கோமரி வட்டாரத்தில் 2012-இல் பைக்கு 5 சென்ட் வாங்கத் தொடங்கியதும், கடைப் பை எடுப்பவர்கள் நூற்றுக்கு 82 பேரிலிருந்து 40 பேராகக் குறைந்தார்கள். தொகை ஒன்றே. கிடைக்காத 5 சென்டை யாரும் தேடிப்போகவில்லை. கையிலிருந்து போகும் 5 சென்டைக் காப்பாற்றப் பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

நான் இதை வேறு மாதிரியும் புரிந்துகொள்கிறேன். காசைவிட, கேள்விதான் வேலை செய்கிறது. "பை வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டால் நாம் ஒரு நொடி யோசிக்கிறோம். ஒரு பேனாவும் ஒரு சோப்பும் வாங்கியவர் "வேண்டாம்" என்பார். இலவசம் என்றால் அந்தக் கேள்வியே எழாது. கை தானாகக் கவரை உருவும். சந்தையில் மீன்காரம்மா "மக்களே, கவர் இரண்டு ரூபாய், போடட்டுமா?" என்று கேட்டால் அன்றைக்கே பாதிப் பேர் வீட்டிலிருந்து ஏதாவது ஒன்றைக் கொண்டுவர ஆரம்பித்துவிடுவார்கள். அவர் கேட்கவே முடியாது என்பதுதான் சிக்கல். தடை செய்த பொருளுக்கு விலை சொன்னால், தடை செய்த பொருளை விற்பதாக அவரே வாக்குமூலம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இலவசமாகக் கொடுத்தால், கேட்கிறவர்களிடம் "மிச்சம் கிடந்தது" என்று சொல்லிவிடலாம். ஆக, நம் முழுத் தடை, கவரை ஒழிக்காமல் கவரின் விலையை மட்டும் ஒழித்துவிட்டது. தடை கூடாது என்று சொல்லவில்லை. தடையைச் சந்தை வரை கொண்டுபோக முடியாத இடத்தில், விலை என்ற கருவியையும் கையிலிருந்து இழந்து நிற்கிறோம் என்கிறேன்.

அபராதம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 2019 ஜூனில் திருத்திய உள்ளாட்சிச் சட்டங்களின்படி சிறு வியாபாரிக்கு முதல் முறை 100 ரூபாய், அடுத்து 200, அதன் பிறகு 500. பலசரக்குக் கடை, மருந்துக்கடை போன்றவற்றுக்கு 1,000, 2,000, 5,000. பெரிய கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் இன்னும் மேலே. சிறு வியாபாரியின் 100 ரூபாயை மேலே போட்ட கணக்கில் வைத்துப் பாருங்கள்: நூற்று அறுபது கவர்களின் விலை. மாதத்துக்கு ஒருமுறை சோதனை நடந்தால், அது அவருக்குத் தரை வாடகை மாதிரி ஒரு செலவு. கவர் கொடுக்காவிட்டால் பக்கத்துத் தட்டுக்குப் போகும் வாடிக்கையாளரின் இழப்பு அதைவிடப் பெரியது. சோதனைக்குப் போகும் எங்கள் ஜீப் சந்தைவாசலைத் தொடும் முன்பே கடைசித் தட்டு வரை தகவல் போய்விடும். கவர்க்கட்டு சாக்குக்கு அடியில் மறையும். இதில் அந்த அம்மாக்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கிலோ கணக்கில் கவர் விற்கும் மொத்தக் கடையில் ஒரு மூட்டையைப் பிடிப்பது, சந்தையில் நூறு தட்டுகளைப் புரட்டுவதைவிடப் பயனுள்ளது. அதற்கு அதிகாரிகளுக்குக் கொஞ்சம் துணிச்சலும், விற்பனை வரி வேலை பார்ப்பவர்களின் ஒத்துழைப்பும் வேண்டும். களியக்காவிளை வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் பார்சல் லாரி வந்துகொண்டே இருக்கும் மாவட்டத்தில் சந்தைவாசலில் நின்று தடுப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும். நாம் அதைத்தான் முதல் வேலையாகச் செய்தோம்.

இப்போது மீனுக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் பை பற்றிப் பேசுகிறவர்கள் மீனைத் தொடாமல் பேசினால் அது வெறும் பேச்சு. அயர்லாந்து வரி வைத்தபோது பச்சை மீன், இறைச்சி போடும் சிறு பைகளுக்கு விலக்கு கொடுத்தது. இங்கிலாந்தும் அப்படியே. அதோடு 250 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் நிறுவனங்களை 2021 மே வரை விட்டுவைத்தது. அதாவது அவர்கள் வெற்றி பெற்றது பில் இயந்திரம் உள்ள பெரிய கடைகளில். ஈரமான சரக்கும் சிறு வியாபாரியும் அவர்கள் கணக்கில் பெரும்பாலும் வரவில்லை. நம் ஊரிலோ அதுதான் முழுக் கணக்கு. குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களிலிருந்து வரும் சாளையும் நெத்தோலியும் சூரையும் அன்றைக்கே தெருத்தெருவாகப் போகின்றன. மாலையில் வேலை முடிந்து பஸ்ஸில் வருகிறவர், சந்தையில் இறங்கி அரைக்கிலோ மீன் வாங்கி, அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவர் கையில் துணிப்பையைக் கொடுத்து "இயற்கையைக் காப்பாற்றுங்கள்" என்றால் மீன்தண்ணீர் அடுத்தவர் வேட்டியில் சொட்டும்.

முன்பு எப்படி இருந்தது? கடவம் என்ற பெரிய கூடையில் மீன் சுமந்து வந்தவர் வீட்டுவாசலில் இறக்கினார். வீட்டுக்காரர் சட்டியை நீட்டினார். சந்தையில் வாங்கினால் தேக்கிலை, வாழையிலை, அல்லது பனையோலைப் பெட்டி. தோவாளைப் பூவுக்குத் தாமரை இலை இருந்தது. பனையும் வாழையும் தாமரைக்குளமும் மாவட்டம் முழுவதும் இருந்ததால் அவை விலையில்லாப் பொருளாகக் கிடைத்தன. இன்றைக்குப் பனையேறுவோர் குறைந்துவிட்டார்கள், ஓலைப்பெட்டி முடைகிறவருக்குக் கூலி கட்டவில்லை. "பழையபடி இலைக்குப் போவோம்" என்று மேடையில் சொல்வது எளிது. இலை காலையில் தெருவில் வாங்குகிறவருக்கு ஆகும். மாலை பஸ் பயணிக்கு மூடி போட்ட டப்பாதான் ஆகும். வேலைக்குப் போகிறவர் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்திருக்கிறார். மாலையில் அது காலி. அதில் மீனா என்று முகம் சுளிக்காமல், மீனுக்கென்று ஒரு டப்பா வைத்துக்கொண்டால் போதும். டப்பா கொண்டுவந்தால் சுத்தம் செய்து வெட்டிக் கொடுப்பதில் முன்னுரிமை என்று ஒரு சந்தையில் வழக்கம் வந்துவிட்டால் அது எந்தத் தள்ளுபடியையும்விட வேகமாகப் பரவும். சந்தையில் காசைவிட நேரம் அருமை.

ஓட்டல் பார்சலும் இதே ஜாதி. சூடான சாம்பார், சட்னி, ரசவடைக்கு ரசம் என்று ஒரு குடும்பத்தின் ஒருவேளைச் சாப்பாட்டில் ஆறேழு சின்னக் கவர்கள். தூக்குவாளி கொண்டுபோகிறவரை ஓட்டலில் ஒரு மாதிரியாகப் பார்ப்பது நின்றாலே பாதி குறையும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இவ்வளவு கவரும் எங்கே போகிறது? ஆவின் பால் கவரைப் பழைய சாமான் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். அதனால் அது தெருவில் அதிகம் கிடக்காது. மீன்கவரை யாரும் தொட மாட்டார்கள். எடையும் இல்லை, அழுக்கும் நாற்றமும் வேறு. பேரூராட்சி குப்பையைத் தரம் பிரிக்கும் வளம் மீட்புப் பூங்காவுக்கு வந்தால் அதைக் கழுவிப் பிரிக்க ஆகும் கூலி, அதன் விலையைவிடப் பல மடங்கு. கட்டாகக் கட்டி சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாக அனுப்புவதுதான் மிஞ்சும் வழி. வராததெல்லாம் தண்ணீரில் போகிறது. மலைக்கும் கடலுக்கும் இடையே இங்கே தூரம் குறைவு, மழையோ வருடத்துக்கு இரண்டு பருவம். தோவாளை சானல், அனந்தனார் சானல், புத்தனார் சானல் என்று எந்தச் சானல் மடையை வேண்டுமானாலும் தண்ணீர் திறக்கும் நாளில் போய்ப் பாருங்கள். பழையாறு நாகர்கோவில், சுசீந்திரத்தைக் கடந்து மணக்குடியில் கடலைச் சேர்கிறது. ஊர்க்கவரும் அதே வழியில் போகிறது. சுசீந்திரம்–தேரூர் நீர்நிலையும் வேம்பனூர்க் குளமும் 2022-இல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் இடம்பிடித்தன. பட்டியலில் சேர்ந்ததால் கவர் ஒதுங்காமல் இருக்கப்போவதில்லை. கரையில் நின்று கரைமடி வலை இழுப்பவர்களுக்கு மீனுடன் சேர்ந்து நம் கவர் திரும்பி வருகிறது. 2025 மே மாதம் கேரளக் கடலில் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியபோது பிளாஸ்டிக் மணிகள் குமரிக் கரையிலும் ஒதுங்கின, ஊரே பதறியது. கவர் செய்கிற மூலப்பொருளும் அதே மாதிரி மணிதான். மணியாக வந்தால் பதறுகிறோம், கவராகப் போனால் கண்டுகொள்வதில்லை.

சரி, இலவசமாகத் துணிப்பை கொடுத்துவிட்டால் தீருமா? 2021 டிசம்பரில் முதலமைச்சர் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். பிறகு 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரங்களும் வந்தன. அந்த 10 ரூபாய் எனக்குப் பிடித்தது. இலவசமாகக் கொடுத்திருந்தால் அது அலமாரியில் போய்க் குவிந்திருக்கும். பருத்திப் பையும் சும்மா வருவதில்லை. பருத்திக்குத் தண்ணீர், உரம், நெசவுக்கு மின்சாரம் எல்லாம் உண்டு. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு, பருவநிலைக் கணக்கில் மட்டும் பார்த்தால் ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான் ஒருமுறை வீசும் மெல்லிய கவருக்கு ஈடாகும் என்றது. சானலை அடைக்கும் கேட்டை அந்தக் கணக்கு பார்க்கவில்லை, ஆகவே அதை வைத்துக் கவருக்கு வக்காலத்து வாங்க வேண்டாம். ஆனால் கல்யாண வீட்டில் தாம்பூலத்துக்கு ஒன்று, கோயில் கொடையில் ஒன்று, கட்சிக் கூட்டத்தில் ஒன்று, துணிக்கடையில் ஒரு கட்டைப்பை என்று வீட்டுக்கு முப்பது பை சேர்ந்தால், எந்தப் பை 131 முறை வெளியே வரும்? இருக்கிற பைகள் வீட்டில் தூங்குகின்றன. சந்தையில் நிற்கும்போது கையில் பை இல்லை. குறை பையின் எண்ணிக்கையில் இல்லை, பை இருக்கும் இடத்தில்தான்.

அதற்கு மருந்து வைப்புத்தொகை. நீலகிரியில் 2022-இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரத் தொடங்கினார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. திட்டம் வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. காட்டில் பாட்டிலை வீசுகிறவரைத் திருத்த எந்தப் பேரணியும் தேவைப்படவில்லை. அவர் வீசினாலும் பொறுக்கிக் கொண்டுவந்து 10 ரூபாய் வாங்க இன்னொருவர் இருந்தார். இதே ஏற்பாட்டை ஒரு சந்தையில் பைக்குச் செய்யலாம். முத்திரை குத்திய ஒரே மாதிரி கெட்டித் துணிப்பை. எந்தக் கடையிலும் 20 ரூபாய்க்கு எடுக்கலாம். எந்தக் கடையிலும் கொடுத்து 20 ரூபாய் திரும்ப வாங்கலாம். கடைக்காரருக்கு நட்டமில்லை, வாங்குகிறவருக்கும் நட்டமில்லை, பை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். துவைத்துத் தைத்து மீண்டும் அடுக்கும் வேலையை மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கொடுக்கலாம். அவர்களுக்குரிய கூலியைச் சந்தை ஏல வருமானத்திலிருந்து உள்ளாட்சி தர வேண்டும். ஒரே ஒரு கடைக்காரர் தனியாகத் தொடங்கினால் இது நிற்காது. அவர் கடையில் எடுத்த பையை அடுத்த கடைக்காரர் வாங்க மறுத்தால் இரண்டாவது வாரம் படுத்துவிடும். ஆகவே வணிகர் சங்கமும் உள்ளாட்சியும் சேர்ந்து ஒரு சந்தையை முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும். வடசேரி பெரிது, தொடக்கத்துக்குச் சிரமம். கருங்கல், குலசேகரம் போன்ற சந்தைகளில் வருகிறவர்களும் விற்கிறவர்களும் ஒருவருக்கொருவர் முகம் தெரிந்தவர்கள். நான் அங்கே தொடங்கச் சொல்வேன்.

கன்னியாகுமரிக் கடற்கரைக்கு மட்டும் இது பொருந்தாது. கார்த்திகை பிறந்து தை வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம், அதன் பிறகு பள்ளி விடுமுறைக் கூட்டம். வருகிறவர் அன்றிரவே ஊர் போய்விடுவார், பையைத் திருப்பிக் கொடுக்க வரமாட்டார். அங்கே வைப்புத்தொகையை விட்டுவிட்டு நேராக விலை வைப்பதே சரி. சங்குமாலை வாங்கினாலும் சிப்ஸ் வாங்கினாலும் பை தனி, 30 ரூபாய் என்று எல்லாக் கடையிலும் ஒரே பலகை தொங்க வேண்டும். பையில் திருவள்ளுவர் சிலையை அச்சிட்டால் அதையே நினைவுப்பொருளாக வாங்கிப் போவார்கள். பனையோலைப் பெட்டி என்றால் 100 ரூபாய் சொன்னாலும் வாங்குவார்கள், முடைகிறவருக்கும் கூலி கட்டும்.